"இதுங்களுக்கு யாரு சம்பளம் குடுக்கறது?": ஐஸ் ஹாக்கி பெண்களும் மணலூர்பேட்டையில் எழுந்த ஒரு கேள்வியும்

தை மாசம் 5-ம் தேதின்னா மணலூர்பேட்டையில் தென்பெண்ணை ஆத்துத் திருவிழா. திருவண்ணாமலையில் இருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு வருவார். சுத்துப்பட்டு கிராமத்துச் சாமிகளும் வரிசையா மணல்ல இறங்கும். கரும்பு, பொரி, வளையல் கடை, ராட்டினம் என்று ஆத்துமணலே ஒரு நாள் ஊராகிவிடும். இந்த வருஷம் திருவிழாவுக்குச் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தி மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள், ஸ்கூல் டீமில் வாலிபால் ஆடுகிறாள். அவள் போனில் ஒரு பழைய வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. ஹெல்மெட், கனத்த உடுப்பு, கையில் மட்டையோடு சில பெண்கள் பனித்தளத்தில் வரிசையாக நின்று தேசிய கீதம் பாடுகிறார்கள். பாடிக்கொண்டே அழுகிறார்கள்.

எட்டிப் பார்த்த சித்தி அழுகையைப் பற்றிக் கேட்கவில்லை. "யாருடி சம்பளம் குடுக்கறது இதுங்களுக்கு?" என்றுதான் கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கு. வாலிபால் மண்டலப் போட்டிக்குப் போனால் படிப்பு என்ன ஆகும், ஆடி முடித்தால் வேலை கிடைக்குமா என்று அந்த வீட்டில் ரொம்ப நாளாக ஓடுகிற வழக்கு. ஆகவே இந்த எக்ஸ்பிளெய்னர் சித்தியின் கேள்விக்கான பதில். ஐஸ் ஹாக்கி ஆடும் ஒரு பெண்ணின் கரியர் எப்படி ஓடுகிறது, காசு எங்கிருந்து வருகிறது, இந்தியாவில் அது எங்கே முட்டி நிற்கிறது?

அந்த வீடியோ என்ன?

2017 மார்ச், பாங்காக். சர்வதேச ஐஸ் ஹாக்கி கூட்டமைப்பின் ஆசிய சேலஞ்ச் கோப்பையில் இந்தியப் பெண்கள் அணி பிலிப்பைன்ஸை 4-3 என்று வென்றது. இந்தியப் பெண்கள் அணிக்கு அதுதான் முதல் சர்வதேச வெற்றி. ஆட்டம் முடிந்ததும் வெற்றி பெற்ற நாட்டின் கீதம் ஒலிக்கும். முந்தின வருஷம், 2016-ல், தைபேயில் முதல்முறை களமிறங்கியபோது அவர்கள் கேட்டதெல்லாம் எதிரணி நாட்டின் கீதம்தான். அழுகைக்குக் காரணம் அது.

இந்தியா அந்த உலகக் கூட்டமைப்பில் உறுப்பினரானது 1989-ல். பெண்கள் அணி முதல் போட்டி ஆட 27 வருஷம் ஆகியிருக்கிறது. வெளிநாடு போக டிக்கெட், கிட் எல்லாவற்றுக்கும் பொதுமக்களிடம் ஆன்லைனில் நிதி திரட்டித்தான் அந்தப் பயணங்கள் நடந்தன. கோயில் திருவிழாவுக்கு வீடு வீடாக வசூல் பண்ணுவது மாதிரி, ஒரு தேசிய அணிக்கு வசூல்.

அதே அணி 2025-ல் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் நகரில் நடந்த பெண்கள் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கியது. கேப்டன் செவாங் சுஸ்கித். அணியில் பெரும்பாலானவர்கள் லடாக்கைச் சேர்ந்தவர்கள். எட்டு வருஷத்தில் முதல் வெற்றியில் இருந்து பதக்கம் வரை வந்திருக்கிறார்கள். பாலைவன நாட்டில் போய் பனி விளையாட்டில் ஜெயித்துவிட்டார்கள் என்று சோஷியல் மீடியாவில் ஜோக் ஓடியது. யோசித்தால் அது ஜோக்கே இல்லை. அந்தப் பாலைவன நாட்டில் வருஷம் முழுக்கப் பனித்தளம் இருக்கு. இமயமலையில் இல்லை.

பனி இருக்கும் ஊரில் பனி இல்லையா?

இதுதான் இந்த விஷயத்தின் அடிமடி. லே நகரில் ஜனவரி ராத்திரி வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 15, 20 டிகிரி வரை இறங்கும். குளம் உறையும். ராத்திரியில் தண்ணீர் ஊற்றி ஊற்றித் தளத்தைச் சமப்படுத்துவார்கள், காலையில் ஆடுவார்கள். ஆனால் இந்த இயற்கைப் பனி ஆடும் பதத்தில் நிற்பது டிசம்பர் கடைசியில் இருந்து பிப்ரவரி ஆரம்பம் வரைதான். கூட்டிக் கழித்தால் இரண்டு மாசம். குளிர்காலம் முன்ன மாதிரி இல்லை, அந்த இரண்டு மாசமும் சுருங்குகிறது என்று லடாக் ஆட்டக்காரர்களே சொல்லி வருகிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு பெண் பத்து வருஷம் விடாமல் ஆடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். இயற்கைப் பனியை மட்டும் நம்பினால் அவள் பனியில் நிற்பது மொத்தம் 20 மாசம். ஜெர்மனியில் கிளப் சீசன் ஏறத்தாழ செப்டம்பரில் தொடங்கி மார்ச் வரை ஓடும், எல்லாம் கூரை போட்ட செயற்கைத் தளத்தில். அங்கே ஒரு பெண் மூன்றே வருஷத்தில் அந்த 20 மாசத்தைத் தாண்டிவிடுவாள். நம்ம ஊர் கணக்கில் சொன்னால், ஆத்துத் திருவிழா சமயத்தில் மட்டும் நீச்சல் கத்துக்கிட்டு ஆசியப் போட்டிக்குப் போவது மாதிரி.

செயற்கைத் தளமே இந்தியாவில் இல்லையா என்றால், இருக்கு. டேராடூனில் 2011 தெற்காசிய குளிர்கால விளையாட்டுக்காகப் பெரிய அரங்கு கட்டினார்கள். போட்டி முடிந்ததும் வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. பனித்தளத்தை ஓட்டுவதற்கு ஆகும் கரண்ட் செலவு கட்டுப்படியாகவில்லை என்பது முக்கியக் காரணம். அதைப் புதுப்பித்து 2025 ஆகஸ்ட்டில் ஆசிய அளவிலான ஷார்ட் டிராக் ஸ்கேட்டிங் போட்டி நடத்தினார்கள். லேயில் என்.டி.எஸ். அரங்கில் குளிரூட்டும் தளம் வந்திருக்கிறது. குருகிராமில் ஒரு மாலில் சின்னத் தளம் உண்டு, முழு அளவு ஆட்டத்துக்கு அது போதாது. முழு அளவு என்றால் 60 மீட்டர் நீளம்.

அந்த இரண்டு மாசத்தில்கூடப் பெண்களுக்கு முதல் உரிமை கிடையாது. லடாக்கில் இந்த ஆட்டம் ராணுவத்தின் வழியாகப் பரவியது. ராணுவ பூட்ஸுக்கு அடியில் இரும்புப் பிளேடு பொருத்தி ஆடிய காலம் அது. பையன்கள் ஆடி முடித்த பிறகுதான் பொண்ணுங்களுக்குத் தளம். அதுக்குள் வெயில் ஏறிப் பனி இளகியிருக்கும், பிளேடு கீறிய பள்ளங்களோட. கபடி, வாலிபால் கிரவுண்டில் "பசங்க ஆடட்டும், அப்புறம் நீங்க" என்று ஓரமாக நின்ற எந்தப் பொண்ணுக்கும் இது புதுசா இருக்காது.

இரண்டு கோல்கீப்பர்கள்

கரியர் என்ற சொல்லுக்கு இரண்டு நாட்டிலும் என்ன அர்த்தம் என்று பார்க்க, ஒரே இடத்தில் ஆடும் இரண்டு பெண்களை எடுத்துக்கொள்வோம். ஐஸ் ஹாக்கியில் ஒரு நேரத்தில் ஒரு அணிக்குத் தளத்தில் ஆறு பேர். 20 நிமிஷம் வீதம் மூன்று பகுதி. 170 கிராம் எடையுள்ள கெட்டி ரப்பர் வில்லை, அதாவது பக், மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில்கூட வரும். அதை உடம்பால் தடுப்பவர் கோல்கீப்பர். பார்க்கப் பார்க்கத்தான், அடி வாங்க வாங்கத்தான் அந்த வேலை கைகூடும். பயிற்சி நேரம் குறைந்தால் முதலில் அடிபடுவது இந்த இடம்தான்.

முதல் ஆள் சாண்ட்ரா ஆப்ஸ்ட்ரைட்டர், ஜெர்மனி. முனிக்குக்குப் பக்கத்தில் ஃப்ரைசிங் ஊர்க்காரர், 1998-ல் பிறந்தவர். அமெரிக்காவில் பிராவிடன்ஸ் கல்லூரிக்காக ஆடிக்கொண்டே படித்தார். வட அமெரிக்காவில் பெண்களுக்கான தொழில்முறை லீக் ஒன்று ஆரம்பித்தபோது, 2023 செப்டம்பரில் நடந்த அதன் முதல் வீராங்கனைத் தேர்வில் ஒட்டாவா அணி அவரை எடுத்தது. பிறகு மாண்ட்ரியால் அணிக்குப் போனார். அந்த லீக் 2024 ஜனவரி 1-ல் ஆறு அணிகளோடு தொடங்கியது, பிறகு எட்டு அணிகளாக வளர்ந்தது. முதல் சீசனில் குறைந்தபட்சச் சம்பளம் 35,000 டாலர், நம்ம காசுக்கு ஏறத்தாழ 30 லட்சம்.

சித்தி, கேட்டீங்களே, இவங்களுக்குச் சம்பளம் உண்டு. ஆனா இதுல ஒரு விஷயம் இருக்கு. அந்தச் சம்பளம் ஜெர்மனியில் கிடைக்கவில்லை, கடல் தாண்டிக் கிடைத்தது. ஜெர்மனியின் சொந்தப் பெண்கள் லீக்கில் ஆடுபவர்களில் பெரும்பாலானோர் படித்துக்கொண்டோ வேலை பார்த்துக்கொண்டோ ஆடுபவர்கள்தான். தேசிய அணிப் பெண்கள் சிலருக்கு ராணுவத்தின் விளையாட்டுப் பிரிவில் வேலை. சிப்பாய் என்ற பதவி, மாசச் சம்பளம், முக்கிய வேலை பயிற்சி. இத்தனை ஏற்பாடு இருந்தும் ஜெர்மன் பெண்கள் 2014 சோச்சிக்குப் பிறகு இரண்டு ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவில்லை. 2025 பிப்ரவரியில் பிரேமர்ஹாஃபனில் நடந்த தகுதிச் சுற்றை வென்றுதான் 2026 மிலான்-கோர்டினாவுக்கு இடம் பிடித்தார்கள். 2017 உலகக் கோப்பையில் நாலாவது இடம் வரை வந்த அணி அது. பணக்கார நாட்டிலும் பெண்கள் ஆட்டம் கடைசிப் பந்திதான் என்பதற்கு இதைவிட என்ன சொல்ல?

இரண்டாவது ஆள் நூர் ஜஹான், லே. 2016-ல் தைபே போன முதல் அணியின் கோல்கீப்பர். சர்வதேச கோல்கீப்பர் என்பது அவருடைய வேலை இல்லை. வேலை, பழைய சுவரோவியங்களைப் பழுதுபார்ப்பது. டெல்லியில் பாரம்பரியப் பாதுகாப்பு படித்துவிட்டு, உறவுக்காரப் பெண் வஜீதா தபஸ்ஸுமோடு சேர்ந்து லேயில் 'ஷெஸ்ரிக் லடாக்' என்ற நிறுவனத்தை நடத்துகிறார். புத்த மடாலயங்களின் சுவர் ஓவியங்கள், தங்கா என்ற துணி ஓவியங்கள் ஆகியவற்றில் உதிர்ந்த வண்ணத்தை நிலைநிறுத்துவது, மேலே படிந்த புகைக்கரியை நீக்குவது என்று நுணுக்கமான வேலை. இரண்டு முஸ்லிம் பெண்கள் புத்த மடாலயச் சுவரைக் காப்பாற்றுகிறார்கள் என்பதற்காகவே நிறையப் பேர் அவரைப் பேட்டி எடுத்திருக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிசாகப் பட்டது அவருடைய காலண்டர். மடாலயச் சுவர் வேலை கோடையில்தான் முடியும், பனி குளிர்காலத்தில்தான் கிடைக்கும். இரண்டும் முட்டிக்கொள்ளவில்லை. ஒன்று சோறு போட்டது, இன்னொன்று இந்தியா ஜெர்சி கொடுத்தது.

ஆனால் எல்லோருக்கும் இப்படி ஒத்துப்போகும் தொழில் அமையுமா? ஆசிரியை வேலையோ, வங்கி வேலையோ என்றால் ஜனவரியில் பயிற்சி முகாமுக்கு லீவு கேட்டு நிற்கணும். திறமை இருந்தும் பாதியில் நின்றவர்கள் எத்தனை பேர் என்று எந்த ஸ்கோர்போர்டும் சொல்லாது.

காக்கிச் சட்டைதான் வழியா?

இந்திய ஐஸ் ஹாக்கியில் கிரிக்கெட் மாதிரி ஒப்பந்தச் சம்பளம் கிடையாது. மாசம் பிறந்தால் பணம் வரும் வழி என்று பெண்களுக்குத் திறந்தது இந்தோ-திபெத்திய எல்லைக் காவல் படை, ஐடிபிபி. (நம்ம சிவகங்கை இலுப்பக்குடியில் பயிற்சி மையம் வைத்திருக்கிறார்களே, அதே படை.) இந்தப் படை பெண்கள் ஐஸ் ஹாக்கி அணி ஒன்றை அமைத்து, லடாக் ஆட்டக்காரர்களை வேலைக்கு எடுத்தது. தேசியப் போட்டிகளில் அந்த அணிதான் இன்று பலமான அணிகளில் ஒன்று. ஜெர்மனிக்கு ராணுவம் செய்ததை இங்கே எல்லைப் படை செய்கிறது. சம்பளம், பென்ஷன், லீவு கேட்க வேண்டாத பயிற்சி.

இதில் எனக்கு ஒரு நெருடலும் இருக்கு. ஒரு பெண் விளையாட்டில் நிலைக்கணும்னா சீருடை போட்டே ஆகணுமா? உயரம், வயசு, உடல் தகுதி என்று படைக்கு அதற்கான அளவுகோல் உண்டு. அதில் தேறாத நல்ல கோல்கீப்பர் என்ன செய்வாள்? கபடியில் ரயில்வே, வாலிபாலில் ரயில்வே, போலீஸ் என்று நாம் பழகிய வழிதான் இது, குறை சொல்லவில்லை. ஒரே கதவு என்றால் அந்தக் கதவு மூடுகிற நாளில் ஆட்டமும் மூடிவிடும் என்பதுதான் பயம்.

அதனால்தான் மற்ற கதவுகளும் முக்கியம். வீராங்கனைகளே சேர்ந்து லடாக் பெண்கள் ஐஸ் ஹாக்கி அறக்கட்டளையைத் தொடங்கி, கிராமம் கிராமமாகச் சின்னப் பொண்ணுங்களுக்கு முகாம் நடத்துகிறார்கள். ஆடுகிறவர்களே பயிற்சியாளர், அவர்களே வசூல்காரர். 2018 ஜனவரியில் கனடாவின் ஹெய்லி விக்கென்ஹைசர் லேவுக்கு வந்து பயிற்சி கொடுத்தார். நாலு ஒலிம்பிக் தங்கம் வென்றவர், பெண்கள் ஐஸ் ஹாக்கியின் ஆகப் பெரிய பெயர்களில் ஒருவர். அந்த வருஷக் கடைசியில் தன் ஊரான கால்கரியில் நடத்தும் பெண்கள் போட்டித் திருவிழாவுக்கு இந்திய அணியையே அழைத்துப் போனார். உலகத்தரத் தளத்தில் நின்று பார்ப்பது எத்தனை பேருக்கு அதுதான் முதல் தடவை.

இங்கே தமிழ்நாட்டுக்கும் ஒரு நூல் இழை ஓடுது. லேயில் 2024 ஜனவரியில் ஆண்கள், பெண்கள் அணிகளோடு ஒரு ஐஸ் ஹாக்கி லீக் தொடங்கியது. அதை நடத்துவது ராயல் என்ஃபீல்டு. ஆமாம், திருவொற்றியூரிலும் ஒரகடத்திலும் புல்லட் தயாரிக்கும் சென்னைக் கம்பெனிதான். புல்லட்டில் லடாக் போவது நம்ம பசங்களுக்குக் கனவு, அந்தக் கனவுக்கும் அந்தக் கம்பெனிக்கும் லடாக் ஏன் முக்கியம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. விளம்பரமும்தான், உதவியும்தான். ஆனால் லீக் என்று ஒன்று வந்தால் ஆட்டங்களின் எண்ணிக்கை கூடும். தேசியப் போட்டிக்கு மட்டும் காத்திருந்த பொண்ணுக்கு உள்ளூரிலேயே சீசன் கிடைக்கும். இந்தியப் பெண்களுக்கு இன்று பெரிய பற்றாக்குறை, ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கைதான்.

மணலூர்பேட்டைக்கு இதில் என்ன?

சித்தி மகள் கேட்டாள், "அக்கா, நம்ம ஊர்ல இருந்து யாராவது இதுக்குப் போக முடியுமா?"

நேர்மையான பதில்: நேராகப் போவது கஷ்டம். சுத்திப் போக ஒரு வழி இருக்கு, சக்கரம். சென்னையைச் சேர்ந்த ஆரத்தி கஸ்தூரி ராஜ் 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 3,000 மீட்டர் ரோலர் ஸ்கேட்டிங் தொடர் ஓட்டத்தில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் இருந்தார். ஆனந்த்குமார் வேல்குமார் 2025-ல் உலக ஸ்கேட்டிங் சாம்பியன் ஆனார், அவரும் சென்னை. சக்கரத்தில் இருந்து பனிக்கு மாறுவது உலகத்தில் நடக்கிற விஷயம்தான். அமெரிக்காவின் எரின் ஜாக்சன் சக்கர ஸ்கேட்டிங்கில் வளர்ந்து, 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 500 மீட்டர் பனி ஸ்கேட்டிங்கில் தங்கம் வாங்கினார். ஆனால் கல்வராயன் மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு பொண்ணுக்கு வழவழப்பான ஸ்கேட்டிங் தளமே சென்னை, கோவையில்தான் என்றால், பனியைப் பற்றிப் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அவளுடைய நிஜ ஆட்டம் வாலிபால். அந்த விஷயத்தில் அவள் நிலைமை, லே பொண்ணு 2016-ல் இருந்ததைவிடப் பரவாயில்லை. மண் தரை வருஷம் முழுக்க இருக்கு, மழை நாலு நாள் போக. தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கு. 2023-ல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை போட்டிப் பயணம், உபகரணம் போன்றவற்றுக்கு உதவுகிறது. அதாவது ஐஸ் ஹாக்கிப் பெண்கள் ஆன்லைனில் கையேந்தி வாங்கியதற்கு இங்கே விண்ணப்பம் போட ஒரு இடமாவது உண்டு. இந்த இரண்டையும் நான் சொன்னபோது சித்திக்கும் தெரியவில்லை, சித்தி மகளுக்கும் தெரியவில்லை. அதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. இந்த மாதிரித் தகவல் எங்கள் மாதிரி டிஜிட்டல் டெஸ்க்கில் பிரஸ் ரிலீஸாக வந்து, ஒரு நாள் செய்தியாகி, மறுநாள் காணாமல் போகிறது.

ஒதுக்கீடு பெற எந்த மட்டத்துப் போட்டியில் ஆடியிருக்க வேண்டும், எந்தச் சான்றிதழ் செல்லும் என்பதெல்லாம் விதியில் இருக்கு. பள்ளி அளவில் ஜெயித்த கோப்பை வீட்டு அலமாரியோடு நிற்கும், அங்கீகரிக்கப்பட்ட போட்டியின் சான்றிதழ்தான் பேசும். மண்டலப் போட்டிக்குப் போகவிடலாமா என்ற வழக்கில் சித்தி வீட்டுக்கு இதுதான் முக்கியமான சாட்சி.

"அப்ப அந்தப் பொண்ணு சுவத்துல பெயின்ட் அடிக்கிற வேலைய விடல இல்ல?" என்றார் சித்தி, நூர் ஜஹான் கதையைக் கேட்டுவிட்டு. பெயின்ட் அடிப்பது இல்லை, பழைய ஓவியத்தைக் காப்பாற்றுவது என்றேன். "ஏதோ ஒண்ணு. வேலைய விடல இல்ல?"

விடலை.

"அப்ப சரி. பரீட்சை எப்பன்னு பாத்துட்டு, மேட்ச் எப்பன்னு சொல்லச் சொல்லு."

சித்தி மகள் அதற்குள் காலண்டரை எடுத்துவிட்டாள். மண்டலப் போட்டி, கெமிஸ்ட்ரி பிராக்டிகலுக்கு முந்தின நாள்.